மூடப்படவில்லை

நாற்பத்தாறு வயதில் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்க வேண்டிவரும் என்று மடிப்புக்காரி கனவிலும் நினைத்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறது. அதில் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தே போய்விட்டது. கை தன்பாட்டுக்கு மடிக்கும், வாய் தன்பாட்டுக்குப் பேசும். மூளைக்கு அங்கே வேலையே இல்லை என்று சொல்லித் திரிந்தவளை, 'பாசேஜைப் படித்துப் பதில் எழுது' என்று உட்கார வைத்தால் தலை கிறுகிறுக்காமல் என்ன செய்யும்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அடியில், வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்தது. மேலே வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி இறங்கும். துவைத்துப் பிழிந்து வந்த விரிப்புகளை, ஓர் அறை நீளத்துக்குக் கிடக்கும் இஸ்திரி ரோலருக்குள் இரண்டு பெண்கள் இந்தப் பக்கமிருந்து கொடுப்பார்கள். ரோலருக்குள் கொதிக்கும் ஆவி ஓடும். அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வருவதை இன்னும் இரண்டு பேர் பிடித்து உதறி, நாலாய், எட்டாய் மடித்து அடுக்க வேண்டும். அடைமழைக் காலத்திலும் அங்கே முதுகு நனைந்துதான் இருக்கும். நாலு மணிக்குமேல் கால் வீங்கிவிடும். செருப்பு வாரைத் தளர்த்திக்கொண்டுதான் அவள் பஸ் ஏறுவாள்.

அந்த ரோலருக்கு லைன் லீடராக இருந்தவள் மெதுவாக்கா. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. "மெதுவா, மெதுவா, கை போயிடும்" என்று நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், ரோலரின் ஓரத்திலிருக்கும் வடிகால் குழாயிலிருந்து ஆவி பீறிட்டது. யாரையும் அவசரப்பட விடாத மெதுவாக்காவின் வலது கையைத்தான் அது பிடித்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துவிட்டது.

அவள் இடம் காலியாக இருந்தது. இனிமேல் லைன் லீடர் ஆகிறவருக்கு சலவை மருந்து டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும், மெஷின் புத்தகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. அதற்கு ஒரு பரீட்சை. வாசித்துப் பதில் எழுத இருபது மார்க், இலக்கணத்துக்கு இருபது மார்க். சனிக்கிழமை காலை பத்து மணி.

வெந்துபோனவள் இடத்துக்குப் பரீட்சை எழுத மடிப்புக்காரிக்கு மனசு வரவில்லை. எழுதாமல் இருக்கவும் வழியில்லை. ஆவியை அனுப்பிய பாய்லர்காரர் அவளுடைய புருஷன். விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று அவரை வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மிச்சமிருந்த மூன்று பேரில் ஒருத்தர் வீட்டோடு முடங்கினால், மற்ற இரண்டு பேரும் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஓட வேண்டியிருந்தது.

மூன்றாவது ஆள் நாத்தனார். அதே சலவைக்கூடத்தின் ஆபீசில் டைப்பிஸ்ட். கட்டினவனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியும் ஒரு டிக்‌ஷனரியுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அண்ணியும் நாத்தனாரும் சண்டை போடாத நாள் குறைவு. பேசாத நாள் ஒன்றுகூட இல்லை. அண்ணிக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிற பொறுப்பு அவள் தலையில் விழுந்ததும், ஆபீசில் மேனேஜர் அவளிடம் காட்டுகிற மிடுக்கையெல்லாம் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணியிடம் காட்டினாள்.

பழைய புத்தகக் கடையில் பிடித்த பயிற்சிப் புத்தகம் அது. முதல் பத்து பக்கம் இல்லை. முன்னால் படித்த புண்ணியவான் யாரோ பாதிக் கேள்விக்குத் தப்பும் தவறுமாகப் பதில் வேறு எழுதி வைத்திருந்தான். இரண்டு பெண்களும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். பாய்லர்காரர் வாசல்படியோரம் வெங்காயம் உரிப்பார், அரிசியில் கல் பார்ப்பார். வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளை சும்மா இருக்கக் கூடாது என்று அவராகவே எடுத்துக்கொண்ட வேலை அது. சாப்பாடு ஆனதும் கேஸ் அடுப்பின் குமிழைத் திருகி மூடிவிட்டுப் போவார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து அது மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்.

திங்கட்கிழமை பாசேஜ் துணியில் பட்ட கறையைப் பற்றியது. நம்ம சப்ஜெக்டாச்சே என்று மடிப்புக்காரி குஷியாக எழுதினாள். நாத்தனார் சிவப்புப் பேனாவால் சரக்கென்று அடித்தாள்.

"ரத்தக் கறையை எதுல ஊற வைக்கணும்னு கேட்டிருக்கு. நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"பச்சத் தண்ணியில."

"பாசேஜ்ல என்ன போட்டிருக்கு?"

"சுடுதண்ணின்னு போட்டிருக்கு. அது தப்பு. சுடுதண்ணி பட்டா ரத்தம் துணியோட வெந்து ஒட்டிக்கும். அப்புறம் எவன் வந்தாலும் போகாது. ஆபரேஷன் தியேட்டர் துணியை இருபத்திரெண்டு வருஷமா பாக்கறேன்."

"அண்ணி, உங்களுக்கு என்ன தெரியும்னு யாரும் கேக்கல. பாசேஜ்ல என்ன இருக்குன்னுதான் கேக்கறாங்க. இருக்கறதை எழுதணும். இல்லாததை எழுதக் கூடாது."

"தப்பா இருந்தாலுமா?"

"தப்பா இருந்தாலும்."

"நல்ல படிப்பு" என்றாள் மடிப்புக்காரி. "இப்படிப் படிச்சவங்கதான் மேலேருந்து துணிய அனுப்பறாங்க போல, பாதி கறையோட."

செவ்வாய்க்கிழமை இறந்தகாலம். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடி வாங்கினாள். ஏற்கெனவே 'டிட்' வந்துவிட்டதால் பின்னால் 'கோ' போதும் என்று நாத்தனார் சொன்னாள். போனது போனதுதானே, ரெண்டு தடவ சொன்னா அழுத்தமா இருக்காதா என்று இவள் கேட்டாள். அன்றைக்கு வார்டில் விரிப்புத் தட்டுப்பாடு. ஆயிரத்துக்குமேல் மடித்த கை பென்சிலைப் பிடிக்கவே நடுங்கியது. அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப எழுதியதில் தாள் ஓட்டையாகிவிட்டது.

புதன்கிழமை வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிற பாடம்.

"'அவள் தட்டை உடைத்தாள்' நேரா சொல்றது. 'தட்டு உடைக்கப்பட்டது' திருப்பிச் சொல்றது" என்றாள் நாத்தனார். "திருப்பிச் சொல்லும்போது யார் உடைச்சான்னு சொல்லணும்னு கட்டாயமில்ல. சொல்லணும்னா கடைசில 'பை' போட்டு ஆளைச் சேர்க்கலாம். வேண்டாம்னா விட்டுடலாம்."

மடிப்புக்காரி பென்சிலைக் கீழே வைத்தாள். "இதுக்கு எதுக்கு இங்கிலீஷு? நம்ம வீட்டுலயே தெனம் நடக்குதே. 'பால் பொங்கிடுச்சு'ன்னு சொல்றோம். 'நான் பாலைப் பொங்க விட்டுட்டேன்'னு எவ சொல்றா? உடைச்ச தட்டை எல்லாம் உடைஞ்சிடுச்சுன்னுதான சொல்லியிருக்கோம்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். "அதேதான் அண்ணி. பிடிச்சிட்டீங்க."

பாய்லர்காரர் சிரிக்கவில்லை. உரித்த வெங்காயத்தைத் தட்டோடு வைத்துவிட்டு எழுந்துபோய் அடுப்புக் குமிழைத் தொட்டுப் பார்த்தார். அப்போது அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் பார்த்தால் புத்தகத்தில் பாசேஜ் தீர்ந்துபோயிருந்தது. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், அலமாரித் தட்டில் மடித்து வைத்திருந்த விசாரணை அறிக்கை மடிப்புக்காரியின் கண்ணில் பட்டது. பாய்லர்காரருக்கு வந்த நகல் அது. அதற்கு அவர் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். நாத்தனார் அதைப் படித்து ஏற்கெனவே அர்த்தம் சொல்லியிருந்தாள். 'உன் பேரே எங்கயும் இல்லண்ணா. "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல"ன்னு ஒரு வரி எழுதிக் குடு. திங்கக்கிழமை வேலையில சேர்ந்துடலாம்.' அந்த ஒரு வரியை எழுத அவர் பத்து நாளாக நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ்தானே, இதுவும் ஒரு பாசேஜ்தானே என்று அவள் தாளைச் சோற்று டப்பாவோடு பையில் போட்டுக்கொண்டாள்.

மத்தியான இடைவேளை அரை மணி நேரம். ஸ்டோர் ரூமில் தலையணை உறை மூட்டைமேல் உட்கார்ந்து, ஒரு கையில் சோறும் ஒரு கையில் பென்சிலுமாகப் படித்தாள். மொத்தம் ஒன்பது வாக்கியம். நாத்தனார் சொல்லிக்கொடுத்தபடி யார், எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். எப்போது என்பது கிடைத்தது. எங்கே என்பதும் கிடைத்தது. யார் என்பதுதான் சிக்கவில்லை. 'ஆவி அனுப்பப்பட்டது.' 'வடிகால் வால்வு மூடப்படவில்லை.' 'மெஷின் நிறுத்தப்பட்டது.' அந்தத் தாளில் எல்லாம் தன்னாலேயே நடந்திருந்தது. ஆட்களே இல்லாத சலவைக்கூடம் ஒன்றைப் பற்றி யாரோ எழுதிய மாதிரி இருந்தது.

எட்டாவது வாக்கியத்துக்கு வந்தபோது சட்டென்று ஓர் ஆள் இருந்தாள். 'தி லைன் லீடர் டிட் நாட் வேர் ஹெர் ஸ்லீவ்ஸ்.' லைன் லீடர் முழங்கை வரைக்கும் மூடுகிற கை உறை போட்டிருக்கவில்லை. ஒன்பதாவதில் 'பை' இருந்தது. அதற்குப் பின்னாலும் அவள்தான் இருந்தாள். ஒரு சொல் மட்டும் புரியவில்லை. துணி எண்ணுகிற பெண்ணிடம் போனை வாங்கி அர்த்தம் பார்த்தாள். கவனக்குறைவு. காயம் அவளுடைய கவனக்குறைவால் ஏற்பட்டது, ஆகவே அவள் திரும்ப வேலைக்கு எடுக்கப்பட வேண்டியதில்லை.

மடிப்புக்காரி சோற்று டப்பாவை மூடிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் மெதுவாக்கா வீட்டுக்குப் போய் அவளுக்குத் தலை வாரிவிட்டு வந்தாள். இடது கையால் வாரத் தெரியாமல் ஆறு வாரமாகச் சிக்கு விழுந்து கிடந்த முடி. 'பரீட்சைய நீ எழுதுடி. வேற எவளோ வர்றதுக்கு நீ வா. எனக்குக் கை ஆறினதும் பித்தான் தைக்கற எடத்துல உக்காத்தி வைப்பாங்க, கேட்டிருக்கேன்' என்று மெதுவாக்கா சொன்னாள். அவளுக்கும் இந்த அறிக்கையின் நகல் ஒன்று போயிருக்கும். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நாத்தனார் முக்கால்வாசி நனைந்து வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே டீயை வாங்கினாள். மடிப்புக்காரி நோட்டை நீட்டினாள்.

"புத்தகத்துல பாசேஜ் தீந்துடுச்சு. நானே ஒண்ணு எடுத்துக் கேள்வியும் எழுதி பதிலும் எழுதியிருக்கேன். திருத்து."

நாத்தனார் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். முதல் கேள்வி, எந்த நாளில் நடந்தது. சரி என்று போட்டாள். இரண்டாவது, யாருக்குக் காயம். பேனா நின்றது. மூன்றாவது கேள்வியை அவள் வாய்விட்டே படித்தாள். "வால்வை மூடாதது யார்? பதில், பாசேஜ்ல சொல்லல."

"சரியா?"

"சரிதான்."

"நாலாவதையும் படி."

"கை உறை போடாதது யார்? லைன் லீடர்." நாத்தனார் டீயைக் கீழே வைத்தாள். "எதுக்கு அண்ணி இதை எடுத்தீங்க?"

"நீதானம்மா சொல்லிக் குடுத்த, திருப்பிப் போட்டா ஆளை விட்டுடலாம்னு. ஏழு எடத்துல ஆளே இல்ல. ஆள் இருக்கற எடத்துல எல்லாம் அக்கா மட்டும் நிக்கறா. டைப் அடிச்சது நீ. உனக்குத் தெரியாம இருக்காது."

வாசல்படியில் வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. நாத்தனார் அண்ணனைப் பார்க்காமல் அண்ணியை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"மேனேஜர் வாயால சொன்னதை நான் அடிச்சேன். அவரு ரெண்டு வரியையும் ஒரே மாதிரிதான் சொன்னாரு. 'ஆபரேட்டர் வால்வை மூடல. லைன் லீடர் கை உறை போடல.' ரெண்டு பேரையும் அனுப்பிடணும்னுதான் அவருக்கு. அண்ணன் வரியை மட்டும் நான் திருப்பிப் போட்டேன். முடிவுல இருந்த பேரையும் எடுத்தேன். அவரு படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டாரு. அந்த ஒரு வரிக்கு என் வேலையே போயிருக்கும், தெரியுமா உங்களுக்கு?"

"அக்கா வரியையும் திருப்பியிருக்கலாமே."

"ரெண்டையும் மாத்தினா கண்டுபிடிச்சிடுவாரு. ஒண்ணுதான் முடியும்னு தோணிச்சு. எனக்கு அந்த நேரத்துல அண்ணன் மட்டும்தான் தெரிஞ்சுது." அவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். "தப்புன்னா தப்புதான். ஆனா உங்க புருஷனைத்தான காப்பாத்தினேன், என் புருஷனையா?"

மடிப்புக்காரிக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே நன்றியும் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, ஆறு வாரமா நான் கேக்கவே இல்ல. இப்ப கேக்கறேன். அன்னைக்கு என்ன ஆச்சு?"

"வால்வு மூடாம இருந்துச்சு" என்றார் பாய்லர்காரர்.

"அது பாசேஜ்ல இருக்கு."

அவர் கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். மழை ஜன்னல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"மாத்து ஆள் வரல" என்று தொடங்கினார். "ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சும் நானே நின்னேன். குழாய்ல தேங்கின தண்ணியை வடிய விடணும்னு காலைல வால்வைத் தெறந்தேன். தண்ணி வடிஞ்சதும் மூடிட்டுத்தான் ஆவி அனுப்பணும். வடியற வரைக்கும் உக்காரலாம்னு ஸ்டூல்ல உக்காந்தேன். கண்ணு சொருகிடுச்சு. ஆவி அனுப்பச் சொல்லிக் கீழேருந்து மணி அடிச்சாங்க. எந்திரிச்சு நேரா ஆவியை விட்டுட்டேன். நான்தான். மூட மறந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். "சத்தம் கேட்டுக் கீழ ஓடினேன். அப்பவும் அவங்க மத்தவங்களைப் பாத்து 'மெதுவா வாங்க, வழுக்கும்'னுதான் சொல்லிட்டிருந்தாங்க."

டீ ஆறிப்போனது. ஆறு வாரமாக அந்த வீட்டில் இல்லாத ஓர் அமைதி அது. நிம்மதி என்று சொல்ல முடியாது. பாரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கை எரிய நிற்கிற மாதிரி இருந்தது.

"இதை எழுதிக் குடுத்துடலாம்" என்றாள் மடிப்புக்காரி.

"எழுதினா வேலை போயிடும்" என்றாள் நாத்தனார். "பாய்லர் லைசென்சே போயிடும். வேற எங்கயும் சேர்க்க மாட்டாங்க. அண்ணன் வயசுக்கு வாட்ச்மேனா வாசல்ல நிக்க வச்சு விசில் குடுப்பாங்க, அவ்வளவுதான். நாளைக்கு ஒருநாள் பேசாம இருந்தா முடிஞ்சுடும் அண்ணி."

"அக்காவுக்கு முடிஞ்சுடும்."

"நீங்க சனிக்கிழமை பாஸ் பண்ணிட்டு அவங்களைப் பித்தான் தைக்க எடுத்துக்கங்களேன்."

"கவனக்குறைவுன்னு எழுதின ஆளை உள்ள விடுவாங்களா? உனக்கே தெரியும்."

நாத்தனார் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய வேகத்தில் சுவரிலிருந்த காலண்டர் ஆடியது.

பாய்லர்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்து மனைவிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"யோசிச்சுச் சொல்றீங்களா?"

"ஆறு வாரமா வேற என்ன பண்ணிட்டிருக்கேன்?"

"தமிழ்லயே எழுதிக் குடுத்துடலாமா?"

"தமிழ்ல குடுத்தா அவங்க இங்கிலீஷ்ல மாத்துவாங்க. மாத்தும்போது என்ன வேணா ஆகும். பாத்தோமே. நீ எழுது."

அவள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். முன்பின் இப்படி ஒரு காரியம் அவள் செய்ததில்லை. புத்தகத்தில் விட்ட இடத்தை நிரப்புவதும் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவதும் வேறு. வெறும் தாளில் முதல் சொல்லை வைப்பது வேறு. 'ஐ' என்று எழுதினாள். ஒற்றை எழுத்துதான். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு அடுத்த சொல்லுக்கு அவள் நெடுநேரம் தவித்தாள். டிக்‌ஷனரி உள்ளே சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தது. தெரிந்த இலக்கணத்தையெல்லாம் கூட்டி, முடிந்துபோனதற்கு 'எட்' சேர்க்க வேண்டும் என்ற ஞாபகத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தாள். அவர் கேட்டதற்குச் சத்தமாகவும் படித்துக் காட்டினாள்.

"ஐ ஃபர்கெட்டட் டு க்ளோஸ் தி வால்வ்."

உள்ளே கதவு திறந்தது. நாத்தனாரின் கண் சிவந்திருந்தது. வந்து அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்தாள்.

"ஃபர்கெட்டட்னு ஒரு வார்த்தை கெடையாது அண்ணி."

"பின்ன?"

"ஃபர்காட்." குனிந்து ரப்பரை எடுத்து அந்தச் சொல்லை மட்டும் அழித்தாள். தாள் கிழியாமல் மெதுவாக அழித்தாள். "எழுதுங்க. எஃப், ஓ, ஆர், ஜி, ஓ, டி."

மடிப்புக்காரி எழுதினாள். நாத்தனார் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அடுத்து என்ன எழுதப் போறீங்க?"

"அக்கா கை உறை கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. எல்லாமே ஓட்டை. புதுசு குடுக்கலன்னு எழுதணும். அது பாசேஜ்ல இல்ல. ஆனா எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் நாத்தனார். "மூணு தடவ லெட்டர் அடிச்சு நான்தான் மேசையில வச்சேன்."

"அப்ப எப்படி எழுதறது? 'கை உறை கொடுக்கப்படவில்லை', சரியா?"

திங்கட்கிழமை காலையில் எந்த மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது நாத்தனாருக்குத் தெரிந்துதான் இருந்தது. மடிப்புக்காரியும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"அப்படி வேண்டாம்" என்றாள் கடைசியில். "யாரு குடுக்கலன்னு முதல்ல போடுங்க. மேனேஜர். ஸ்பெல்லிங் சொல்றேன்."